லஸ் என்றால் மயிலாப்பூர் இல்லை

(ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பக்கம் இது. ஸ்காட்லாந்தில் லாக் லோமண்ட் ஏரிக்கரையில் இருக்கும் லஸ் கிராமத்தில் பத்து நாள் தங்கியதாகச் சென்ற இதழில் அவர் நான்கு வரி எழுதியிருந்தார். அதையொட்டி வந்த கடிதங்களில் சில இங்கே.)

மந்தைவெளி வாசகி: டீச்சர், லஸ்ஸில் பத்து நாள் தங்கினீர்களாமே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்தே வந்து பார்த்திருப்பேன். எந்தத் தெரு?

அம்மா, தவறு என்னுடையது. "ஸ்காட்லாந்தில்" என்ற சொல்லை மூன்றாவது வரியில் வைத்தேன். மயிலாப்பூர்க்காரர்கள் முதல் வரியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள் என்று தோன்றவில்லை. இதே சந்தேகத்தில் மட்டும் ஏழு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒருவர் காய்கறி விலைகூட விசாரித்திருக்கிறார்.

இரண்டு ஊருக்கும் ஓசை ஒன்று, பிறப்பு வேறு. நம் லஸ், போர்த்துக்கீசியர் 1516இல் கட்டிய ஒளி மாதா கோயிலிலிருந்து வந்த பெயர். 'லஸ்' என்றால் அவர்கள் மொழியில் வெளிச்சம். ஸ்காட்லாந்து லஸ் கேலிக் மொழிச் சொல், பொருள் மூலிகை அல்லது செடி. கிளாஸ்கோ நகரிலிருந்து வடமேற்கே பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏரியின் மேற்குக் கரையில் ஒரு தெரு, அந்தத் தெரு முடியும் இடத்தில் ஒரு படகுத்துறை, பக்கத்தில் ஒரு தேவாலயம், இவற்றைச் சுற்றிச் சில வீடுகள். முதல் நாளே ஊரை முழுதாகச் சுற்றிவிட்டேன், மூட்டுவலியோடு. மீதி ஒன்பது நாளும் அதே ஊரைத் திரும்பத் திரும்பச் சுற்றினேன். அலுக்கவில்லை.

திருச்சி வாசகர்: ஏரி என்கிறீர்கள். நம் ஏரிகளைப் போலக் கரை, மதகு, கலிங்கு எல்லாம் உண்டா? 'லேக்' என்று சொல்லாமல் 'லாக்' என்கிறார்களே, ஏன்?

உச்சரிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். 'லாக்' என்பது ஏரிக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும் சொல். அதன் கடைசி ஒலி 'க்' இல்லை. 'அஃது' என்று சொல்லும்போது ஆய்தம் தொண்டையில் உரசுகிறதே, ஏறக்குறைய அதுதான். ஆங்கிலேயர்களுக்கே அது வருவதில்லை, பூட்டைச் சொல்வதுபோல 'லாக்' என்றுவிடுகிறார்கள். பள்ளியில் ஆய்தத்தை ஒழுங்காகப் படித்த நமக்கு இரண்டாவது முயற்சியிலேயே வந்துவிடும். எனக்கு வந்தது. படகுக்காரர் தலையசைத்து ஒப்புக்கொண்டார்.

நம் ஏரிகள் மனிதர்கள் மண் சுமந்து கரை போட்டுத் தேக்கியவை. லாக் லோமண்ட் பனிக்கட்டி தோண்டிய பள்ளம். பனியாறு மலைகளுக்கு நடுவே உழுதுகொண்டு இறங்கிய தடம் அது. ஏறக்குறைய 12,900 ஆண்டுகளுக்கு முன் பூமி கடைசியாக ஒருமுறை சில்லிட்டு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் அப்படியே கிடந்தபோது, பனி மறுபடி இந்தப் பள்ளத்தில் இறங்கியது. பிரிட்டனில் அந்தக் குளிர்க் கட்டத்துக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே 'லாக் லோமண்ட்'தான். முப்பது வருடம் பனியுகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதன் கரையில் காலை நனைத்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இவ்வளவு காலம் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு 'பனியாறு' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பரப்பளவு 71 சதுர கிலோமீட்டர். பிரிட்டன் தீவில் இதைவிடப் பரந்த ஏரி இல்லை. நீளம் 36 கிலோமீட்டர். ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தையும் மேட்டுநிலத்தையும் பிரிக்கும் நிலப்பிளவு இந்த ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதனால் தெற்குப் பாதி அகலமாக, ஆழம் குறைவாக, தீவுகளோடு கிடக்கிறது. வடக்குப் பாதி மலைகளுக்கு நடுவே நெருங்கி, 190 மீட்டர் வரை ஆழம் போகிறது. லஸ் இருப்பது இந்த இரண்டு குணமும் மாறும் இடத்துக்குப் பக்கத்தில். படகுத்துறையில் நின்று வலப்பக்கம் பார்த்தால் தீவுகள், எதிர்க்கரையில் 974 மீட்டர் உயரமுள்ள பென் லோமண்ட் மலை. மதகு கேட்டீர்களே, தென்கோடியில் லீவன் ஆறு வெளியேறும் இடத்தில் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு தடுப்பணை மட்டும் உண்டு.

இந்த ஏரிக்கு மூன்று அதிசயங்கள் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள்: காற்றில்லாத அலை, துடுப்பில்லாத மீன், மிதக்கும் தீவு. மூன்றில் நான் பார்த்தது அலை மட்டும். அதுவும் ஒரு விசைப்படகு உண்டாக்கியது.

கோவில்பட்டி வாசகி: படத்தில் ஒரே மாதிரிக் குட்டி வீடுகள், வாசலில் ரோஜாக் கொடி. கல்யாண ஆல்பம் போல இருக்கிறதே! பெரிய பணக்காரர்கள் ஓய்வெடுக்கக் கட்டியவையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அம்மா, உங்கள் ஊரில் மில் தொழிலாளர் குடியிருப்பு பார்த்திருப்பீர்களே? ஒரே உயரம், ஒரே ஓட்டுச் சரிவு, ஒட்டி ஒட்டி வரிசையாக? அதேதான் இது. லஸ்ஸின் அழகான வீடுகள் கூலிக்காரர் வரிசைகள். அந்த வட்டாரம் முழுவதையும் வைத்திருந்த கஹூன் ஜமீன் குடும்பம், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தன் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்தது. (அந்தக் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் நடுவில் மூன்று எழுத்துகள் ஊமையாக நிற்கும். வாசித்தால் 'கஹூன்'.) சிலேட்டுக் கல் உடைத்தவர்கள், பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள் இந்த வீடுகளில் இருந்தார்கள். ஆம், லஸ்ஸில் ஒரு சிறு பஞ்சாலையும் இருந்தது.

சிலேட்டு என்றதும் நம் தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். எச்சில் தொட்டு அழித்த அதே கறுப்புக் கல்தான். நிலப்பிளவை ஒட்டி ஸ்காட்லாந்தின் குறுக்கே சிலேட்டுப் பாறை ஒரு பட்டைபோல ஓடுகிறது. அந்தப் பட்டையில் லஸ் உட்கார்ந்திருக்கிறது. கல்லைத் தகடு தகடாகப் பிளந்து, படகில் ஏற்றி, ஏரி வழியாகத் தெற்கே அனுப்பினார்கள். கூரைக்கு ஓடாகப் போகும். ஊருக்குப் பின்னால் மலைச்சரிவில் பழைய குவாரிகள் இருக்கின்றன. உடைந்த சில்லுகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன, பாசி மூடியபடி. காலடியில் சலசலவென்று சரிகிற அந்தக் குவியலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கீழே இறங்கி ரோஜாக் கொடியைப் பார்த்தேன். பார்வை மாறிப்போயிற்று. நனைந்த கல்லைப் பிடித்துப் பிளந்த கை வெடிப்போடு இந்தச் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பான் ஒருவன். உள்ளே எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைச் சுற்றுலாக் கையேடு போடுவதில்லை.

இந்த வரிசைகள் முழுதாக எழுவதற்கு முன்னால் ஊர் எப்படி இருந்தது? 1803ஆம் ஆண்டு ஆகஸ்டில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், தங்கை டோரத்தி, நண்பர் கோல்ரிட்ஜ் மூவரும் இந்த வழியாக வந்தார்கள். டோரத்தி பார்த்த லஸ்ஸில் கண்ணாடிச் சன்னல் இல்லாத குடிசைகள் இருந்தன. சன்னல் என்று விட்டிருந்த ஓட்டை வழியாகப் புகை வெளியே வந்துகொண்டிருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். விடுதிக்காரி நெருப்பு மூட்டித் தர மறுத்தது வேறு அவருக்குத் தாளாத கோபம். நனைந்து வந்தவருக்கு நெருப்பில்லை என்றால் யாருக்குத்தான் கவிதை வரும்?

வீடுகள் இப்போது பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். இவற்றின் அழகே இன்னொரு தொழிலையும் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று 1980 முதல் 2003 வரை ஓடியது. அதில் வரும் கற்பனைக் கிராமம் கிளென்டரோக். வெளிப்புறக் காட்சிகளுக்கு லஸ்தான் கிளென்டரோக். சில பெரியவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தத் தொடரில் வந்த கடையைத்தான் முதலில் தேடுகிறார்கள். நம் ஊரில் படப்பிடிப்பு நடந்த வீட்டைக் காட்ட ஆட்டோக்காரர் ஒருவர் எப்போதும் இருப்பாரே, அங்கே அந்த வசதி இல்லை.

விழுப்புரம் வாசகர்: அங்கே சைவச் சாப்பாடு கிடைத்ததா?

உருளைக்கிழங்கு கிடைத்தது.

நாகர்கோவில் வாசகர்: தேவாலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பற்றி ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எவ்வளவு பழையது?

இது இரண்டு விடையுள்ள கேள்வி. கட்டடம் 1875. இடம், மரபுப்படி, 1,500 ஆண்டு.

அயர்லாந்திலிருந்து கெஸாக் என்ற துறவி கி.பி. 510 வாக்கில் வந்து, லஸ்ஸுக்குத் தெற்கே உள்ள இஞ்ச்டவனாக் தீவில் தங்கி மறை பரப்பினார், பிறகு பக்கத்திலேயே பாண்ட்ரி என்ற இடத்தில் கொல்லப்பட்டார் என்பது மரபு. உடலை மூலிகை இட்டுச் சுற்றிக் கொண்டுவந்தார்களாம், புதைத்த இடத்தில் மூலிகை முளைத்ததாம், ஊருக்குப் பெயரும் அதனால் வந்ததாம். ஸ்தல புராணம் இல்லாத ஊர் உலகில் எங்கே இருக்கிறது? ஆனால் சாசனம் ஒன்று உண்டு: 1315இல் ராபர்ட் புரூஸ் மன்னர் லஸ் தேவாலயத்தைச் சுற்றி நீரிலும் நிலத்திலும் மூன்று மைலை அடைக்கல எல்லையாக அறிவித்தார். துரத்தப்பட்டவன் படகில் அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் போதும், தண்ணீரிலேயே தப்பித்துவிடலாம். நீரிலும் எல்லைக்கோடு போட்ட அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தோட்டத்தில் நீங்கள் பார்க்கவேண்டியது ஒரு கல். நீளமாக, முதுகு வளைந்து, படுத்திருக்கும் பன்றியைப்போல இருக்கும். பன்றிமுதுகுக் கல் என்றே பெயர். மேற்புறம் கூரை ஓடு அடுக்கியதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள். இறந்தவனுக்குக் கல்லில் ஒரு வீடு. வைக்கிங்குகள் குடியேறிய பகுதிகளில் காணப்படும் வகை இது. லஸ்ஸில் உள்ளது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அங்கே என் பக்கத்தில் நின்ற ஒரு வழிகாட்டி, 1263இல் நார்வே மன்னர் ஹாக்கோனின் படை வந்தபோது இறந்த தளபதியின் கல் என்று தன் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஆசிரியப் புத்தி சும்மா இருக்குமா? இருநூறு வருடம் இடிக்கிறதே என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.

ஆனால் 1263 கதை கட்டுக்கதை இல்லை. ஹாக்கோனின் கப்பல்களில் ஒரு பகுதி கடலிலிருந்து லாக் லாங் என்ற நீண்ட கடற்கழிக்குள் நுழைந்தது. அதன் நுனியில் உள்ள அரோக்கரில் கப்பல்களைக் கரையேற்றி, மூன்று கிலோமீட்டர் தூரம் தரையில் இழுத்து, டார்பெட் என்ற இடத்தில் லாக் லோமண்டில் இறக்கினார்கள். டார்பெட் என்ற பெயருக்கே 'படகை இழுத்துக் கடக்கும் இடம்' என்றுதான் பொருள். மலைகளுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறோம் என்று நினைத்திருந்த ஏரிக்கரை ஊர்கள் கொள்ளைபோயின.

இப்போதுள்ள கட்டடத்துக்கு வருகிறேன். 1873 டிசம்பரில் சர் ஜேம்ஸ் கஹூன், இஞ்ச்லோனெக் தீவில் மான் வேட்டை முடித்துத் தன் ஆட்களோடு படகில் திரும்பிக்கொண்டிருந்தார். படகு கரை சேரவில்லை. அந்தக் கரைக்கும் தீவுக்கும் உரிமையாளர் அந்த ஏரியிலேயே மூழ்கினார். அவர் நினைவாக மகன் கட்டியதுதான் 1875இல் எழுந்த இந்தத் தேவாலயம். உள்ளே நுழைந்து அண்ணாந்து பாருங்கள். பைன் மரக் கூரைச்சட்டங்கள் கவிழ்த்துப்போட்ட படகின் உட்புறம்போல இருக்கும். நீரில் மூழ்கியவருக்குக் கட்டிய கோயிலில் இப்படி ஒரு கூரை! தச்சர் நினைத்துச் செய்தாரா, தானாக அமைந்ததா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அடுத்த கல்யாணக் கூட்டம் வந்து என்னை எழுப்பிவிட்டது. கல்யாணத்துக்கு அவ்வளவு கிராக்கி அந்தக் கோயிலுக்கு. எனக்கு ஒரு குறை உண்டு: ஜமீன்தாருக்குக் கோயில் எழுந்தது. அதே படகில் போன வேட்டைக்காவலர்களை ஊரில் யாராவது பேச்சில் எடுப்பார்களா என்று காத்திருந்தேன், என் காதில் விழவில்லை.

சேலம் வாசகர்: ஒரு குலத்தின் பெயரையே அரசன் தடைசெய்தான் என்று எழுதியிருந்தீர்கள். பெயரை எப்படித் தடைசெய்ய முடியும்?

முடிந்தது. லஸ்ஸுக்குத் தென்மேற்கே கிளென் ஃப்ரூயின் என்ற பள்ளத்தாக்கு. 1603 பிப்ரவரி 7 அன்று அங்கே மெக்ரிகர் குலத்தாரும் கஹூன் குலத்தாரும் மோதினார்கள். கஹூன் பக்கம் 140 பேர் வரை இறந்தார்கள், கால்நடைகள் கொள்ளைபோயின. அந்த நேரத்தில் ஆறாம் ஜேம்ஸ் மன்னருக்கு இங்கிலாந்தின் சிம்மாசனமும் கிடைத்திருந்தது, லண்டனுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 3 அன்று, மெக்ரிகர் என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆணை பிறந்தது. மீறினால் மரணம். குலத்தலைவரை 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள்.

மற்றவர்கள் அம்மா வழிப் பெயர், அண்டைக் குலத்தின் பெயர் என்று எதையாவது ஒட்டிக்கொண்டு பிழைத்தார்கள். பிற்காலத்தில் இந்தக் குலத்தில் பிறந்து புகழ்பெற்ற ராப் ராய், தாயின் குலப்பெயரான கேம்பலைப் பயன்படுத்தியவர். நடுவில் தடை ஒருமுறை நீங்கி, மறுபடி வந்து, 1774இல்தான் முழுமையாக ஒழிந்தது. ஐந்தாறு தலைமுறை சொந்தப் பெயரை வீட்டுக்குள் மட்டும் கிசுகிசுத்திருக்கும். வகுப்பில் வருகைப்பதிவு எடுத்துப் பழகியவள் நான். அழைக்க முடியாத பெயர் என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

காரைக்குடி, எட்டாம் வகுப்பு மாணவன்: டீச்சர், ஸ்காட்லாந்தில் கங்காரு இருக்கிறதாம். என் அண்ணன் பொய் சொல்கிறானா?

இல்லை கண்ணா, அண்ணன் முக்கால் பங்கு உண்மை சொல்கிறான். கங்காரு இல்லை, அதன் சின்னத் தம்பி வாலபி. லஸ்ஸுக்கு எதிரே உள்ள இஞ்ச்கானகன் தீவில் 1940களில் கஹூன் குடும்பத்துப் பெண் ஃபியோனா அவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை குட்டி போட்டுக் குடும்பமாகிவிட்டன. இந்த ஃபியோனா லேசுப்பட்டவர் இல்லை. இவருடைய கணவர் பின்னாளில் அர்ரன் பிரபுவானார். விசைப்படகுப் பந்தயங்களில் இறங்கி, 1980இல், அறுபது வயதைத் தாண்டியபின், மணிக்கு 103 மைல் வேகத்தில் தண்ணீரில் பறந்தார். நான் வாலபியைப் பார்க்கவில்லை. படகுக்காரர் 'அதோ' என்று காட்டியபோது புதர் ஆடியது. அண்ணனிடம் புதர் ஆடியது என்று மட்டும் சொல்.

யாழ்ப்பாணம் வாசகர்: அந்த ஊர் மக்கள் பேசும் மொழி எது? கேலிக் இன்னும் உண்டா?

இப்போது தெருவில் கேட்பது ஆங்கிலம், ஸ்காட்லாந்து உச்சரிப்பில். கேலிக் ஊர்ப்பெயர்களிலும் தீவுப்பெயர்களிலும் மட்டும் தங்கிவிட்டது. ஆனால் அந்த மொழிக்கு லஸ் செய்த உதவி பெரிது. 1777 முதல் 1821இல் இறக்கும்வரை இந்த ஊரில் போதகராக இருந்தவர் ஜான் ஸ்டூவர்ட். அவருடைய தந்தை கில்லின் ஊர்ப் போதகர், புதிய ஏற்பாட்டை ஸ்காட்லாந்துக் கேலிக்கில் தந்தவர்; அது 1767இல் வெளிவந்தது. மகன், பழைய ஏற்பாட்டை மொழிபெயர்ப்பதில் முக்கியப் பங்கு வகித்தார். 1801இல் அந்தப் பணி நிறைவடைந்தது. அவர் தாவரவியல் அறிஞரும்கூட. இளவயதில் ஸ்காட்லாந்து மலைகளில் செடி சேகரிக்கப் போன அறிஞர்களோடு உடன் நடந்தவர். மூலிகை என்று பெயர் கொண்ட ஊருக்குச் செடி தெரிந்த போதகர்! படகுத்துறையில் ஐஸ்க்ரீம் வாங்க நிற்கும் வரிசையில் இவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஃபியோனாவின் வாலபிகளை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஈரோடு வாசகர்: எனக்கு 70 வயது. மகன் கிளாஸ்கோவுக்கு அழைக்கிறான். லஸ்ஸுக்கு ஒரு நாள் போதுமா? என்ன எடுத்துப் போகவேண்டும்?

பார்ப்பதற்கு ஒரு நாள் தாராளம். முதல் பஸ்ஸில் போய்விடுங்கள். 2002இல் அந்தப் பகுதி ஸ்காட்லாந்தின் முதல் தேசியப் பூங்காவானது. கோடையில் பத்து மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் குவிந்துவிடும். அந்தச் சின்னத் தெருவில் நடக்க இடமிருக்காது. பெரிய சாலை நல்லவேளையாக இப்போது ஊருக்கு வெளியே போகிறது. கல்லறைத் தோட்டத்தைக் காலையிலும் படகுத்துறையை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். குவாரிப் பக்கம் போனால் கைத்தடி அவசியம். ஈரச் சிலேட்டில் வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்றொரு பூச்சி உண்டு. கொசுவுக்குப் பேரன் அளவுதான், ஆனால் கூட்டமாக வரும். காற்றடிக்கும் நாளில் வராது. காற்றில்லாத, மேகம் மூடிய மாலையில் காது, இமை, தலைவகிடு எதையும் விடாது. தலையோடு போட்டுக்கொள்ளும் வலை அங்கேயே கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டிக்கொண்டு நான் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு என் பேத்தி 'பாட்டி, தேன் எடுக்கப் போனீர்களா?' என்று கேட்டாள்.

மழைக்கோட்டு கட்டாயம். குடை வேண்டாம். என் கணவரின் பழைய குடையைக் கொண்டுபோயிருந்தேன். மூன்றாம் நாள் படகுத்துறையில் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு பென் லோமண்ட் பக்கம் போயிற்று. எங்காவது கரை ஒதுங்கிக் கிடந்தால் எடுத்து வாருங்கள். மூங்கில் கைப்பிடி, ஒரு கம்பி வளைந்திருக்கும்.